பாலைவனத்தில் கூலர் வந்த கதை



போன வருடம் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் நான் ஒரு ஏர் கூலர் வாங்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லிஃப்ட் கதவில் அதைச் சிக்கவைத்து, கால் மணி நேரம் எல்லோரையும் படிக்கட்டு ஏற வைத்தவன் நான்தான். ஏசி பில்லைக் குறைக்கலாம் என்பது என் கணக்கு. இரண்டாம் நாள் இரவே தலையணை உறை நசநசத்தது. ஒரு வாரத்தில் பீரோவில் இருக்கும் புடவைகளில் பூஞ்சை வாசம் வருகிறது என்று வீட்டில் புகார். இப்போது அது பால்கனியில், ஈரத் துண்டு காயப்போட உதவுகிறது. வழக்கமாக நம் பிளாக்குக்கு வரும் ஏசி மெக்கானிக் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது சென்னைக்கு ஆகாது சார், பாலைவனத்துக்காரன் பொருள்" என்றார்.

அவர் சொன்னது சரிதானா என்று தேடப்போய்ப் படித்தவற்றைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கதை இது. கூலரில் தொடங்கி நான் எதிர்பார்க்காத இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது.

முதலில் இடத்தைப் பற்றி. அரிசோனாவின் தெற்கே சோனோரன் பாலைவனம். கோடையில் 45 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே செய்தியே இல்லை. வடக்கே போகப் போக நிலம் உயர்ந்து, கடல் மட்டத்துக்கு மேல் 1,500, 2,000 மீட்டர் என்று போகிறது. அதுவும் வறண்ட பூமிதான். ஆனால் ஜனவரி இரவில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும், பனியும் விழும். பாலைவனம் என்றால் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். அங்கே குடியிருப்பவருக்குக் கோடைக்கு ஒரு ஏற்பாடு, குளிருக்கு ஒரு ஏற்பாடு, இரண்டும் வேண்டும்.

மின்சாரம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? பச்சை மண் கல்லில் அரை மீட்டர் கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். பகல் வெயில் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். அப்போது வெளியே குளிர்ந்திருக்கும். தெற்கே இருக்கும் டொஹோனோ ஓதம் பழங்குடியினர் வீட்டுக்கு வெளியே நான்கு கம்பு நட்டு, மேலே கிளைகளும் தழையும் பரப்பிப் பந்தல் போட்டு, கோடை முழுவதும் சமையலையும் படுக்கையையும் அங்கே மாற்றிக்கொண்டார்கள். பின்னால் வந்து குடியேறியவர்கள் கம்பிவலை அடித்த திண்ணை ஒன்றை வீட்டோடு சேர்த்துக் கட்டி அதில் தூங்கினார்கள். கட்டிலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்தி வைப்பார்கள், எறும்பும் தேளும் ஏறாமலிருக்க. கட்டிலைச் சுற்றி நனைத்த படுக்கை விரிப்புகளைத் தொங்கவிடுவார்கள். காற்று அடித்தால் ஒரு மணி நேரம் சுகம், விரிப்பு காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் மனைவி மக்களை ரயிலேற்றிக் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதராஸ் அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனதே, அது போல.

ஏசி அப்போதே இருந்தது. வில்லிஸ் கேரியர் 1902ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை என்பதுதான் அவரிடம் வந்த பிரச்சினை. மனிதர் வியர்ப்பது அப்போது யாருக்கும் பெரிய கவலை இல்லை. பிறகு சினிமா தியேட்டர்களுக்கும் பெரிய கடைகளுக்கும் வந்தது. பாலைவனத்து விவசாயி வீட்டுக்கு அது எட்டாக்கனி.

1930களில் அரிசோனாக்காரர்கள் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஜன்னல் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதன் பக்கங்களில் இரண்டு அடுக்குக் கோழிவலை; வலைகளுக்கு நடுவே கண்ணாடிச் சாமான் உடையாமல் கட்ட உதவும் மரச்சுருளைத் திணித்தார்கள். பெட்டிக்குள் ஒரு மின்விசிறி. மேலே ஓட்டை போட்ட குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விசிறி சுழல, வெளிக்காற்று நனைந்த சுருள் வழியாக இழுக்கப்பட்டு வீட்டுக்குள் வரும். அவ்வளவுதான். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த பாட்டி வீட்டு நினைவு உங்களுக்கு வருகிறதா? அதே தத்துவம், கூடவே ஒரு மோட்டார்.

இதை வெறும் கைவைத்தியமாக விட்டுவிடாமல், அரிசோனா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் மார்ட்டின் தார்ன்பர்க் அளந்து பார்த்தார். எவ்வளவு பெரிய வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும், சுருளை எவ்வளவு கனத்துக்கு அடைக்க வேண்டும் என்பதையெல்லாம் சாதாரண மக்கள் செய்துகொள்ளும்படி எழுதி, 1939ல் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கப் பிரிவு வழியாக ஒரு சிறு வெளியீடு வந்தது. காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்காமல் வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அதே காலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்தில் தகரப் பெட்டிக் கூலர்களைத் தயாரிக்கும் பட்டறைகள் முளைத்தன. ஊரே அந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இப்போது என் பால்கனிக் கூலருக்கு வருகிறேன். தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு ஆவியாகும். 40 டிகிரி வெயில், 10 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் அந்தக் காற்றை 23 டிகிரிக்கு அருகில் இறக்கிவிடும். இதே கூலருக்கு நம் ஊர் மே மாத மாலையைக் கொடுங்கள்: 36 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். முக்கி முனகி 30 டிகிரி வரைதான் வரும், அதுவும் சொட்டச் சொட்ட நனைந்த காற்றாக. வியர்வையும் காயாது.

இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். ஏசி போட்ட பழக்கத்தில் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டேன். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்த ஈரக்காற்று வெளியே போக வழி இல்லையென்றால் பாலைவனத்திலேயே வீடு குளியலறை ஆகிவிடும். அங்கே எந்த அறைக்குக் குளிர்ச்சி வேண்டுமோ அந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பார்கள். காற்று அந்தப் பக்கம் போகும்.

பாலைவனத்துக்காரனுக்கும் அது முழுச் சுகம் தரவில்லை. ஜூலை பிறந்தால் அங்கே ஒரு பருவமழைக் காலம் உண்டு, அதற்கும் மான்சூன் என்றுதான் பெயர். காற்றில் ஈரம் ஏறியதும் கூலர் தோற்றுவிடும், வீட்டுக்குள் குளத்து வாடை வரும். 'சதுப்புக் கூலர்' என்று அவர்கள் அதைக் கேலியாகக் கூப்பிடுவது அதனால்தான். ஃபீனிக்ஸ் வானிலை அலுவலகம் 2008 வரை மான்சூன் தொடங்கிவிட்டது என்று சொல்ல ஓர் அளவுகோல் வைத்திருந்தது: பனிநிலை வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து ஏறக்குறைய 13 டிகிரிக்கு மேல் இருந்தால் மான்சூன். சென்னைக் கோடையில் அந்த அளவு 25ஐ ஒட்டியே நிற்கிறது. மெக்கானிக் சொன்னது சரிதான் என்று அந்த எண்ணைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டேன்.

சர்வீஸ் விஷயத்தையும் சொல்லாவிட்டால் நம் பராமரிப்புக் குழுவினர் கோபித்துக்கொள்வார்கள். பாலைவனத்தில் கிணற்று நீர் உப்பு நீர். ஆவியான பிறகு உப்பு மட்டும் சுருளில் தங்கிக் கல்லாகிவிடும். எனவே ஒவ்வொரு வசந்தத்திலும் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, கூலரின் உறையைக் கழற்றி, ஆஸ்பென் மரச்சுருள் பேடுகளை மாற்றி, அடித் தட்டில் படிந்த உப்பைச் சுரண்டி, மிதவை வால்வைச் சரிபார்த்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும். குளிர்காலம் வருமுன் மறுபடி ஏறித் தண்ணீரை முழுக்க வடித்துக் குழாயைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடிக்கும். கீழே இறங்கி வந்தால் அடுப்பும் புகைபோக்கியும் காத்திருக்கும். எரிவாயுக் குழாய் போகாத ஊர்களில் முற்றத்தில் ஒரு பெரிய புரொப்பேன் தொட்டி இருக்கும், லாரி வந்து நிரப்பிப் போகும். அதற்கும் வழியில்லாதவர் விறகு. கூப்பிட்ட மெக்கானிக் நூறு கிலோமீட்டர் காரோட்டி வர வேண்டிய ஊர்கள் அவை. தானே செய்யத் தெரிந்தவர்தான் அங்கே காலம் தள்ள முடியும்.

கூலர் ஓட மின்சாரம் வேண்டுமே. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது. கம்பம் நட்டால் லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் கிராமப்பக்கம் போகவில்லை. 1935ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஊரக மின்மயத்துக்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தினார், அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் தரும். ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து, தாங்களே லைன் இழுத்து, தாங்களே பில் போட்டு வசூலிக்க வேண்டும். உறுப்பினர் சந்தா பெரும்பாலும் ஐந்து டாலர். தென்கிழக்கு அரிசோனாவில் 1938ல் தொடங்கிய சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கு மின் கூட்டுறவு இன்றும் நடக்கிறது. ஒரு லிஃப்ட் மாற்றவே நாம் மூன்று பொதுக்குழு கூட்டினோம், இவர்கள் மாவட்டம் மாவட்டமாகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அந்த வகையில் என்ன சண்டையெல்லாம் நடந்ததோ!

போருக்குப் பிறகு ஏசி விலை இறங்கியது. ஃபீனிக்ஸின் மக்கள்தொகை 1940ல் 65,000. 2020 கணக்கெடுப்பில் 16 லட்சம். ஏசி இல்லாமல் இந்த வளர்ச்சி இல்லை. கூலர் மெல்ல மெல்ல ஏழை வீட்டுப் பொருளாக, கிராமத்துப் பொருளாக, தகர வண்டி வீடுகளின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியாக ஆனது. நகரத்தில் குளிர்ச்சி என்பது சுகம் என்ற நிலை போய் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. 2018 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் அருகே 72 வயதான ஒரு பெண்மணி, 51 டாலர் பாக்கிக்காக மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு வீட்டுக்குள் வெப்பத்தில் இறந்துகிடந்தார். அடுத்த ஆண்டு மாநில ஒழுங்குமுறை ஆணையம் கோடை மாதங்களில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கத் தடை போட்டது. 2023ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்குக் குறையாத வெயில். அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் இருக்கும் மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் வீட்டுக்குள் இறந்த பெரும்பாலோரின் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

இத்தனை ஏசிக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னை வடக்கே கொண்டுபோனது.

அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவஹோ பழங்குடியினரின் நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அவர்களின் பழைய வீட்டுக்கு ஹோகான் என்று பெயர்: மரக்கட்டைகளை அடுக்கி, மேலே மண் பூசி, எட்டுப் பக்கமாகவோ வட்டமாகவோ கட்டி, வாசலைக் கிழக்குப் பார்த்து வைப்பார்கள். நடுவில் அடுப்பு, அதற்கு நேர் மேலே கூரையில் புகைவழி. மண்ணின் கனம் குளிரையும் தாங்கும், வெயிலையும் தாங்கும். கோடையில் அவர்களும் வெளியே தழைப் பந்தல் போடுவார்கள்.

அந்த மண்ணுக்கடியில் நிலக்கரி இருந்தது. பிளாக் மேசா பகுதியில் சுரங்கம் வெட்டினார்கள். 1974க்கும் 1976க்கும் இடையில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நவஹோ நிலத்தில், 2,250 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று எழுந்தது. கயென்டா சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுவர அதற்கென்றே தனி மின்ரயில் பாதை. அங்கே உற்பத்தியான மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நகரங்களுக்குப் போனது. அதில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்று நீரை 540 கிலோமீட்டர் கால்வாயில் மேடேற்றி ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோகும் பம்புகளை ஓட்டியது. ஏசிக்கு மின்சாரம், தோட்டத்துக்குத் தண்ணீர், இரண்டும் அந்த நிலக்கரியில்.

நவஹோ மக்களுக்கு வேலை கிடைத்தது, அரசு நடத்த வருமானம் கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது. நவஹோக்கள் 1959லேயே தங்களுக்கென மின்வாரியம் ஒன்றும் தொடங்கியிருந்தார்கள். ஆனால் 2019ல்கூட அங்கே சுமார் 15,000 வீடுகளில் மின்சாரம் இல்லை. தலைக்குமேல் உயர்அழுத்தக் கம்பி போகும், கீழே வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. வீடுகள் ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருப்பதால் ஒரு வீட்டுக்கு லைன் இழுக்கச் சராசரியாக 40,000 டாலர் ஆகும் என்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் இல்லை. நான் கேலி செய்யும் அந்தக் கூலருக்குத் தண்ணீரும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். இந்த வீடுகளுக்கு அதுவும் கிடையாது.

மேற்குப் பகுதியில் இன்னும் மோசம். நவஹோ, ஹோப்பி என்ற இரு பழங்குடிகளுக்கு இடையே நிலத்தகராறு. 1966ல் ராபர்ட் பென்னட் என்ற அதிகாரி, பழங்குடி விவகாரத் துறையின் ஆணையர், அவரே ஒரு பழங்குடி வழி வந்தவர், ஓர் உத்தரவு போட்டார்: இரு தரப்பும் சம்மதிக்காமல் அந்த நிலத்தில் எந்த வளர்ச்சிப் பணியும் கூடாது. சம்மதம் எளிதில் வரவில்லை. சுமார் 15 லட்சம் ஏக்கரில் புது வீடு கட்ட முடியாது, இருக்கும் வீட்டில் ஓர் அறை சேர்க்க முடியாது, ஒழுகும் கூரையை மாற்ற முடியாது, மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் கேட்க முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். உத்தரவு சட்டப்படி முழுதாக நீங்கியது 2009ல்தான். பால்கனிக்குக் கம்பி போட அசோசியேஷன் இரண்டு மாதம் அனுமதி தரவில்லை என்று போன கூட்டத்தில் நான் குரலை உயர்த்தினேன். அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வீடுகளுக்குக் குளிர்காலத்தில் உதவியதும் அதே நிலக்கரிதான். சுரங்கத்தில் உள்ளூர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். குளிர் தொடங்கினால் பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்கும். விறகுக்காகச் செய்த தகர அடுப்பில் நிலக்கரியைப் போடுவதால் வீட்டுக்குள் புகை அடையும், நெஞ்சுக்குக் கெடுதல். என்றாலும் விடியும்வரை கனல் நிற்கும், பாதி இரவில் எழுந்து கட்டை போட வேண்டாம். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

2019 ஆகஸ்டில் சுரங்கம் மூடப்பட்டது. நவம்பரில் மின் நிலையமும் நின்றது. மலிவான எரிவாயுவோடு நிலக்கரியால் போட்டி போட முடியவில்லை. நகரங்களுக்கு மின்சாரம் வேறு இடத்திலிருந்து வந்தது, ஃபீனிக்ஸில் ஒரு ஏசியும் இதனால் நிற்கவில்லை. சுரங்கத்தை நம்பி அடுப்பு மூட்டியவர்கள்தான் அந்தக் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று தவித்தார்கள். மரங்கள் இருக்கும் மலைக்காடு பல வீடுகளிலிருந்து மணிக்கணக்கில் வண்டி ஓட்டும் தூரம். வண்டி இல்லாதவர், ரம்பம் பிடிக்க முடியாதவர் என்ன செய்வார்? வனத்துறையும் சில தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 'வுட் ஃபார் லைஃப்' என்று ஒரு திட்டம் தொடங்கின. காட்டுத் தீயைத் தடுக்க வெட்டிக் கழிக்கும் சிறு மரங்களை, விற்க ஆளில்லாமல் குவிந்து கிடப்பவற்றை, லாரியில் ஏற்றி நவஹோ, ஹோப்பி ஊர்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அங்கே இளைஞர்கள் அறுத்துப் பிளந்து, முதியவர் வீட்டு வாசலில் அடுக்கிவிட்டு வருகிறார்கள்.

அதே 2019ல் இன்னொரு காரியமும் நடந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து ஊராட்சி மின்வாரியங்களின் லைன்மேன்கள் தங்கள் வண்டிகளோடு வந்து இறங்கினார்கள். நவஹோ மின்வாரியத்தோடு சேர்ந்து, பாறையைத் துளைத்துக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. பின்வந்த ஆண்டுகளிலும் இந்தக் குழுக்கள் வந்தன. ஐஸ் பெட்டியில் உணவையும் மருந்தையும் வைத்துக் காலம் தள்ளிய வீடுகளில் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. குளிருக்கு மட்டும் இன்னும் பெரும்பாலான வீடுகளில் விறகடுப்புதான். மின்சார ஹீட்டர் போட்டால் பில் கட்டி மாளாது. அக்டோபர் பிறந்ததும் வாசலில் விறகு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள்.